ஒரு கஷ்டம் தாங்கண்ணே

எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் நாற்காலி. பரோட்டாக் கடை, விழிஞ்ஞம் துறைமுகத்தில் கான்கிரீட் வேலை, சாலை பஜாரில் இரும்புக்கடை என்று அதுவரை பார்த்ததெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. முப்பது வயதுக்குள் முழங்கால் இரண்டும் கிழடாகிவிட்டன. இனி உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று முடிவு செய்தேன்.

நுழைவுத் தேர்வில் தப்பித்துவிட்டேன். இடித்தது பி.காம் மார்க். ஊர் ஊராக அலைந்துகொண்டே தபால் வழியில் எழுதிய பட்டம் அது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் தடவை பூஜ்யம்.

பழவங்காடியில் ஒரு மாடியில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றார் சார். சொன்னேன். மஞ்சள் காமாலையோடு பரீட்சை எழுதியது, வாடகை அறைக்குள் வெள்ளம் வந்து புத்தகம் போனது, இரவு முழுக்கப் பரோட்டா வீசிவிட்டுத் தேர்வறையில் தூங்கியது. மேற்பார்வையாளர் பாவம் பார்த்து எழுப்பவில்லை. மணி அடித்த பிறகுதான் தோளைத் தொட்டார்.

மலையாளியான சார், போதும் என்று கையை உயர்த்தினார். "மதி, மதி. இத்தர கஷ்டம் ஒராளுக்கு வராது மோனே. பொய்யின்னு தோணும். ஒண்ணு மட்டும் பற."

காமாலையை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பக்கத்தில் இருந்தவன் சாலை பஜாரில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மகன். அவனுக்கும் மார்க் மோசம். ஆனால் காரணம் இல்லை. வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் என்னை மறித்தான்.

"அண்ணே, எனக்கு ஒரு கஷ்டமும் இல்லண்ணே. ரூம்ல ஏசி, ஓட்ட பைக்கு, அம்மா மணிக்கொரு தடவ ஹார்லிக்ஸ். நான் எந்தா சொல்ல?"

"படிக்கலன்னு சொல்லு."

"அது சொன்னா சீட்டு கிட்டுமா? உங்ககிட்ட ரெண்டு சும்மா கிடக்குல்லா. ஒண்ணு தாங்க."

வேண்டாததுதானே என்று தேர்வறைத் தூக்கத்தைக் கொடுத்தேன். மாவு பிசைவது, வீசுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். கேட்டால் திணறக் கூடாது.

நேர்முகத்துக்கு அவனைக் காலையில் கூப்பிட்டார்கள், என்னை மத்தியானம். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத் தமிழ் பேசினார். மூன்றாம் வருஷத்துக் காமாலையைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு மார்க் தாளில் விரலை வைத்தார்.

"அது மூணாவது வருஷம்தானே. மொத வருஷத்துல இந்தப் பூஜ்யம் எப்படி வந்தது?"

வேறு வழியில்லை. தேர்வறையில் தூங்கிப்போனதைச் சொன்னேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலம்பற ஒரு பையனும் இதையேதான் சொன்னான்."

அது என்னுடையது என்றால் அவன் சீட்டு போச்சு. "பரோட்டாக் கடையில நெறைய பேரு உண்டு மேடம்" என்றேன்.

"ரெண்டு பேரையுமா எழுப்பாம விட்டா?"

"நல்ல மனுசங்க மேடம்."

"அவன் சொல்றச்சே அழுதான். கேட்டுண்டிருந்த எங்களுக்கே கண் கலங்கித்து. நீ பஸ் டைம் சொல்றாப்ல சொல்றியே?"

யோசித்துப் பார்த்தேன். "தூக்கம் நல்லா இருந்துச்சு மேடம்."

அவனுக்கு இடம் கிடைத்தது. நான் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். சாலை பஜாருக்குத் திரும்பிப் போய்க் கம்பி எடை போட்டுக்கொண்டு நின்றேன். கல்லூரி திறக்கும் வாரத்தில் கூப்பிட்டார்கள். பெங்களூரில் இன்னும் பெரிய கல்லூரி ஒன்றில் அதே தூக்கத்தைச் சொல்லி, அங்கேயும் அழுது, அவன் போய்விட்டிருந்தான். காலியான இடம் எனக்கு.

முதல் நாள் போய் உட்கார்ந்தேன். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் ஆடியது. இடைவேளையில் அவன் போன் செய்தான்.

"அண்ணே, இங்க இன்டர்ன்ஷிப்புக்கு இன்டர்வியூ உண்டு. தூக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. வேற கஷ்டம் வல்லதும் இருக்கா?"

வெள்ளத்தைக் கொடுத்தேன். தண்ணீர் கூரை வழியாக வந்ததா, வாசல் வழியாக வந்ததா என்று விசாரித்தான். வாசல் வழியாக என்று உட்கார்ந்தபடியே சொன்னேன்.