விருப்பமோ என்று கேட்பதற்கு முன்

குருநகரில் செல் குண்டுகள் விழத் தொடங்கியபின் அங்கிருந்து வந்த குடும்பங்கள் நீர்வேலியில் எங்கள் சனசமூக நிலையத்திலும், அதன் பின்னால் அடித்த கொட்டில்களிலும் தங்கியிருந்தன. பல்கலைக்கழகம் திறக்கும்வரை வீட்டிலிருந்த எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும். அதனால், பிள்ளைகளின் இரத்தத்தைப் பரிசோதிக்க வந்த வெளிநாட்டு டொக்டர் அம்மாவுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். முகாமில் பரவும் காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சி என்றார்கள்.

அவர் ஒவ்வொரு தாயிடமும் ஒன்றைத்தான் கேட்கச் சொன்னார். விருப்பமில்லாவிட்டால் வேண்டாம், அதனால் உங்களுக்கு ஒரு குறையும் வராது. நானும் அப்படியே சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை. டொக்டர் அம்மாவுக்கு நல்ல சந்தோசம். எனக்குத்தான் அது நெஞ்சில் உறுத்தியது. எங்கள் ஊரில் கிணற்றுக்கு மருந்து போட வந்தாலே நூறு கேள்வி கேட்பார்கள். ஊசிக்கு முன்னால் எல்லாரும் இப்படித் தலையாட்டுவார்களா? மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் இரத்தக் குப்பிகளை வைக்கும் அந்த நீலப் பெட்டிக்கு எங்கிருந்து ஐஸ் வருகிறது என்றும் யோசித்தேன். முகாம் பொறுப்பாளர் மட்டும் மேசைக்குப் பக்கத்தை விட்டு அசையவில்லை. அவருக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு நிவாரணமாக வந்த பால்மாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

மறுநாள் ஒரு மீனவப் பெண் தன் சின்ன மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மூத்த மகனிடம் முதல் நாளே இரத்தம் எடுத்திருந்தார்கள். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"ரத்தம் குடுக்காட்டில் மா இல்லையெண்டு முந்தநாளே சொல்லிப்போட்டினம்," என்றார் அவர். "பிறகென்னத்துக்குப் பிள்ளை விருப்பமோ எண்டு கேக்கிறாய்?"

பொறுப்பாளர் குறுக்கிட்டார். "உந்தக் கதையெல்லாம் டொக்டர் அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடும்."

நான் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அம்மா ஊசியைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. கோபமா, பிடிபட்ட வெட்கமா என்று எனக்கு விளங்கவில்லை. முதலில் எல்லாருக்கும் பால்மாவைக் கொடுங்கள், பிறகு கேட்போம் என்றார். பொறுப்பாளர் முணுமுணுத்தபடி பெட்டிகளை உடைத்தார். மாவை வாங்கியதும் வரிசையில் பாதிக்கு மேல் கலைந்து போனது.

அந்தப் பெண் போகவில்லை.

"என்ரை பொடியன்ரை ரத்தத்தைத் திருப்பித் தாங்கோ."

அதையும் டொக்டர் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நீலப் பெட்டியைத் திறந்து, தேடி, ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், மண்ணைக் கிளறி ஊற்றி, காலால் மூடினார். அதைப் பார்த்து இன்னும் சில தாய்மாரும் வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தார்.

பின்னேரம் மிச்சக் குப்பிகளோடு வாகனம் புறப்பட்டது. முடிவுகளை அனுப்புவேன் என்று டொக்டர் அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. சண்டையால் பாதை மூடியிருந்ததாலா, அனுப்பவே இல்லையா, தெரியாது. பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "இனி நீர் வரத் தேவையில்லை," என்றார். அடுத்த மாதம் பால்மாவும் வரவில்லை. உன்னால்தான் என்று முகாமில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள்.

சில கிழமைக்குப் பிறகு அந்த மீனவப் பெண்ணைக் கிணற்றடியில் கண்டேன்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. மாவைக் காட்டித்தான் ரத்தம் எடுக்கினம் எண்டு அந்த டொக்டர் அம்மாவுக்கு முதலே தெரியாதோ?"

"தெரியாது எண்டுதான் நினைக்கிறன், அக்கா."

"நினைக்கிறாய்," என்றார் அவர். வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.