குரல் கொடுத்துவிட்டு

இன்று அக்கா பாடம் நடத்தும் கல்லூரிக்குப் போயிருந்தேன். மூடியிருந்த வகுப்பறைக் கதவின் முன் நின்று, அக்கா "வாரேன் சாமி, வாரேன்" என்று மெல்லச் சொன்னாள். என் மூக்கில் கோழிப்பண்ணை வாடை ஏறியது.

நாமக்கல்லில் படித்த காலத்தில், அவள் காலையில் பண்ணையில் கூலிக்கு முட்டை எடுத்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போவாள். எட்டு வயதில் நானும் கூடப் போவேன். இப்படித்தான் கோழிகளுக்குக் குரல் கொடுத்த பிறகே கொட்டகைக்குள் நுழைவாள். ஒருநாள் நான் கதவைத் தடாலென்று தள்ள, கொட்டகை முழுக்க இறக்கைகள் அடித்துக்கொண்டன.

"பயந்தா முட்டை வெக்காது சாமி," என்றாள்.

இரண்டு நாள் முட்டை குறைந்தது. பண்ணைக்காரரிடம், "நாந்தானுங்க கதவ வேகமாத் தெறந்துட்டேன்" என்றாள். வேலை போயிருந்தால் படிப்பும் போயிருக்கும்.

இப்போது வகுப்பறைக்குள் செல்போன்கள் பைக்குள் போகும் சலசலப்பு கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்து, அக்கா கதவைத் திறந்தாள்.