அப்பாவுக்குப் போட்ட கோட்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்தபோது லைட் கம்பத்தில் புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தது. கறுப்புக் கோட், சிவப்பு டை, விறைப்பாக நிமிர்ந்து பார்க்கிற ஒரு மனிதர். எங்கள் ஒழுங்கையில் இன்னொரு வீட்டிலும் சாவு போல என்று நினைத்தேன். கீழே இருந்த பெயரை வாசித்த பிறகுதான் அது என் அப்பா என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடலை எடுக்க அலைந்துவிட்டுத் திரும்பிய நாள் அது. அழ வேண்டிய நாளில் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். அழகாக எழுத வராது. கோபத்தில் எழுதுகிறேன்.

அப்பா மன்னார்க்காரர். கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்து, கொச்சிக்கடையில் ஒரு ஸ்டோர்ஸில் பெட்டிகளுக்கு நம்பர் எழுதுகிற வேலை செய்தார். வேலை விட்டு வந்தால் சாரத்தைக் கட்டிக்கொண்டு மண்டலினை எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கமெரா. ஒழுங்கையில் எந்தப் பிள்ளைக்கு முதல் நன்மை என்றாலும், எந்த வீட்டில் ஞானஸ்நானம் என்றாலும், அப்பாதான் படம் எடுப்பார். சனம் கதைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கும்போதே எடுத்து முடித்துவிடுவார். பிறகுதான் "சரி, இப்ப ரெடியாகுங்கோ" என்பார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்பா சும்மா ஒரு கிளிக் சத்தம் காட்டுவார். பில்ம் எப்போதோ முடிந்திருக்கும்.

அவரை ஒருவரும் எடுத்ததில்லை. ஒரே ஒரு படம் இருந்தது. கமெராவை ஜன்னல் கட்டில் வைத்து, டைமரை அமத்திவிட்டு ஓடிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, அவரே எடுத்தது. நீலக் கட்டம் போட்ட சாரம், பெனியன், மடியில் மண்டலின். வலது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். அதனால் இடது காதை மண்டலின் பக்கம் சரித்து வைத்துத்தான் வாசிப்பார். படத்திலும் தலை அப்படியே சரிந்திருக்கும், கண் மூடியிருக்கும். வாய் மட்டும் சிரிக்கும். ஓடி வந்து உட்கார்ந்ததை மறந்து உண்மையாகவே வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பார்த்தாலே தெரியும். அந்தப் படம் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. நெகட்டிவ் இல்லை. கூரை ஒழுகி, நெகட்டிவ் வைத்திருந்த பிஸ்கட் டின்னுக்குள் தண்ணீர் இறங்கி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் முன்னமே எறிந்தாயிற்று.

அப்பா செத்த அன்று பெரியப்பா, அப்பாவின் அண்ணன், வெள்ளவத்தையிலிருந்து வந்து "பேனருக்கு ஒரு படம் தாங்கோ" என்று கேட்டாராம். அம்மா அலுமாரியிலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதுதான் கோட் போட்டுக்கொண்டு கம்பத்தில் தொங்கியது.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் அந்தப் பேனரைச் செய்த ஸ்டூடியோவுக்குப் போனேன். நான் வேலை செய்கிற துணிக்கடையிலிருந்து நாலு கடை தள்ளித்தான். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் சந்தோசமாகவே விளக்கினார்.

"அங்கிள்தான் கோட் போடச் சொன்னார். ப்ளூவா ப்ளாக்கா எண்டு கேட்டன், ப்ளாக் எண்டார். தலை கோணலா இருந்திச்சு, நிமித்தி விட்டன்."

"கண்?"

"கண் மூடியிருந்திச்சே தங்கச்சி. செத்தவருக்குக் கண் மூடின படம் போடுறதா? வேற கண் எடுத்து வைச்சன். நல்லா செட் ஆகியிருக்கு, பாருங்கோ."

"ஆர்ட கண் அது?"

"ஆர்ட எண்டு தெரியாது. கம்ப்யூட்டர்ல கிடக்கிற கண்."

ஒறிஜினலைத் தாங்கோ என்றேன். மேசை லாச்சியைத் திறந்து ஒரு கவரைத் தந்தார். உள்ளே அப்பாவின் தலை மட்டும் இருந்தது. காதோரம், தாடையோரம் எல்லாம் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டியிருந்தது.

"நான் வெட்டேல்ல" என்றார் அவர் உடனே. "அங்கிள் அப்படித்தான் கொண்டு வந்தவர். தலை மட்டும் போதும்தானே எண்டார்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த மனுசன் ஒரு நாளும் நல்லா உடுத்து நிக்கேல்ல. இப்பவாவது நிக்கட்டும்" என்றார். அம்மாவிடம் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்கும் சேர்த்துப் பெரியப்பாமேல் கோபம் வந்தது.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் காலையில் பெரியப்பா ஒரு கட்டு நினைவு கார்ட்டோடு வந்தார். அதே கோட்.

"கோயில் வாசல்ல நிண்டு ஆளுக்கொண்டு குடு பிள்ளை."

"நான் குடுக்க மாட்டன்."

"என்னத்துக்கு?"

"இதில அப்பா இல்லை."

"அப்ப இது ஆர்? என்ட தம்பியை எனக்குத் தெரியாதா?"

"மண்டலின் எங்க பெரியப்பா? அவர்ட கை எங்க? எந்தக் குப்பைக்குள்ள போட்டனீங்கள்?"

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "சாரத்தோட படியில குந்திக்கொண்டு டிங் டிங் எண்டு தட்டுறதையா கனடாவில இருக்கிற எங்கட சொந்தக்காரச் சனத்துக்குக் காட்டச் சொல்றாய்? எத்தினை தரம் சொன்னனான் அவனுக்கு, உந்த மண்டலினை வைச்சிட்டு ஒரு சோதினை பாஸ் பண்ணு, ஒரு ஒபிஸுக்கு எடுத்து விடுறன் எண்டு. கேட்டவனா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் அப்பாவுக்கு அந்தக் கோட்டை எத்தனையோ வருசமாகப் போடப் பார்த்திருக்கிறார். உயிரோடு இருந்த ஆள் சிரித்துச் சிரித்தே கழற்றிக்கொண்டு போய்விட்டார். செத்த பிறகு வசமாக மாட்டினார்.

"அவன் இருந்தா இதுக்குக் கோபப்பட்டிருக்க மாட்டான்" என்றார் பெரியப்பா.

"ஓம், பட்டிருக்க மாட்டார். சிரிச்சிருப்பார். உங்களெல்லாருக்கும் அது வசதியாப் போச்சு."

"விடு பிள்ளை, பூசைக்கு நேரமாகுது" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"இல்லை, அவள் கதைக்கட்டும்" என்று பெரியப்பா கதிரையில் உட்கார்ந்தார். "சரி, வேற நல்ல படம் ஒண்டு காட்டு. வருசத் திவசத்துக்கு அதையே போடுவம். நானே போய்ச் சொல்றன்."

அல்பங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அவர் புரட்டத் தொடங்கினார். ஒழுங்கைப் பிள்ளைகள், அம்மா, நான். பெரியப்பாவின் மகள் முதல் நன்மை வெள்ளைச் சட்டையில் ஐஸ்கிரீமைக் கொட்டிவிட்டுச் சிரிக்கிறாள். பெரியப்பாவே ஒன்றில் சேர்ட் பொத்தான் கழன்று, வாய் நிறையச் சோறோடு யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேகமாகப் புரட்டினார். கடைசி அல்பமும் முடிந்தது.

"அவன் எங்க?"

"அவர்தானே எடுத்தவர்" என்றேன். "அவர் இருந்தது ஒண்டிலதான். நீங்க வெட்டினதில."

பெரியப்பா அல்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேசையில் வைத்தார். கார்ட் கட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கோயில் வாசலில் நின்று அவரே எல்லாருக்கும் கொடுத்தார். என் முறை வந்தபோது கையை நீட்டினார். நான் வாங்காமல் உள்ளே போனேன்.