கோமதியின் கேள்வி கேட்காத கணினி

மாட்டுங்கா பூக்கடைச் சந்தில் நின்றுகொண்டிருந்தபோது கோமதியின் கணவர் ஆறுமுகம் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. மழை ஓய்ந்து வெயில் இன்னும் தலைகாட்டாத பிற்பகல். எல்லாக் கூடைகளிலிருந்தும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ராஜிம்மா, கோமதி போயிட்டா" என்றார். "சாப்பிட்டுப் படுத்தா. டீ போட்டுட்டு எழுப்புனேன். எந்திரிக்கல." பூக்காரம்மா இலையில் சுற்றிய கதம்பத்தை என் பக்கம் நீட்டியபடியே இருந்தார். அதை வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

செம்பூர்த் தமிழ்ச் சங்கத்து மாலை வகுப்பில் கோமதியோடு உட்கார்ந்தவர்களுக்காகவும், தாராவியில் அவள் வீட்டுப் படியேறி ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டி "இதுல என்னக்கா எழுதியிருக்கு" என்று கேட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல இருந்தது. அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். அவளும் அதைத்தான் விரும்பியிருப்பாள்.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. அவள் சயானில் ரயில் ஏறுவாள், நான் அடுத்த நிலையமான மாட்டுங்காவில். பெண்கள் பெட்டியின் நெரிசலில் எனக்காகத் தோளால் கொஞ்சம் இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் ஏறியதும் வணக்கம், நலமா என்ற பேச்செல்லாம் கிடையாது. முதல்நாள் கண்ட கனவைச் சொல்லத் தொடங்கிவிடுவாள், ஏதோ செய்தி வாசிப்பதுபோல. "நம்ம ஆபீஸ் லிஃப்ட்டு நேரா திருநெல்வேலி ஜங்ஷன்ல போயி நின்னுட்டுட்டி. கதவு தொறந்தா பிளாட்பாரம். நம்ம மேனேஜர் முறுக்கு வித்துக்கிட்டு இருக்காரு." சுற்றி நின்ற மராத்திப் பெண்கள்கூட, அர்த்தம் புரியாமலே, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னொரு நாள் தாராவி முழுவதும் தண்ணீரில் மிதந்துபோய், விளக்கெரியும் ஜன்னல்களோடு கடலுக்குள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்ததாம். "பயமா இல்லையாடி?" என்று கேட்டேன். "என்னத்துக்குப் பயம்? எல்லாரும் உள்ளதான இருந்தோம்" என்றாள்.

வேலையில் அத்தனை கறாராக இருந்தவள் இத்தனை கனவு காண்கிறவள் என்பதை அலுவலகத்தில் யாரும் நம்பமாட்டார்கள். பகலில் அவள் கையில் ஒரு பத்திரம் போனால் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறி வெளியே வராது.

ஓய்வுபெற்றதும் கணவரோடு கழிமுகத்துக்கு அக்கரையில் சான்பாடாவுக்குக் குடிபோனாள். ஆறுமுகம் அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே போன பிறகுதான் கோமதி தன் பெரிய வேலையைத் தொடங்கினாள். ஆண்டாப் ஹில்லில் இருந்த அவள் அத்தைக்கு வயிறு கடுத்தது. 'கடுக்குது' என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டாக்டரிடம் "தர்த், தர்த்", வலி வலி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். கோமதிக்கு அது பொறுக்கவில்லை. "வலின்னா ஒரே வலியாட்டி? குத்துது, எரியுது, இழுக்குது, கடுக்குது, சுருக்குங்குது. எல்லாத்துக்கும் தனித்தனியா வார்த்த வேணும்லா" என்றாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் ஆட்களுக்காகத் தமிழில் ஒரு சிறு வழிகாட்டி எழுதத் தொடங்கினாள். உள்ளே போனதும் எந்த வரிசையில் நிற்பது, என்ன சீட்டு வாங்குவது, எந்த வலிக்கு இந்தியிலும் மராத்தியிலும் என்ன சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்த நாட்களில் சங்கத்தில் தமிழ்க் கணினி வகுப்பு நடந்தது. அங்கே அவளுடைய மடிக்கணினியில், ஏற்கெனவே இருந்த விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள். முதலில் அவளுக்கு அது பெருமைதான். வழிகாட்டியின் தொடக்கத்தை லினக்ஸில்தான் எழுதினாள். பிறகு அச்சகத்துக்காரர் கேட்டார் என்று எல்லாவற்றையும் விண்டோஸுக்கு மாற்றிக்கொண்டாள். லினக்ஸ் சும்மா கிடந்தது. ஆனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். சில விநாடிகள் காத்திருக்கும். அதற்குள் அம்புக்குறியை அழுத்திக் கீழே இறங்காவிட்டால், தானாகவே லினக்ஸுக்குள் போய்விடும். பல வருடம் அவள் விரல் யோசிக்காமல் அதைச் செய்துகொண்டிருந்தது.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. சிறியதுதான் என்றார்கள். வலது கை மந்தமானது. சில வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். நான் பார்க்கப் போனபோது ஆறுமுகம் அண்ணன் வாசலிலேயே என்னை நிறுத்திக்கொண்டார். "காலைல பூரா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிட்டே இருக்கா ராஜிம்மா. நான் பண்ணித் தாரேன்னாலும் விட மாட்டேங்கா."

உள்ளே போனால், கோமதி பால்கனி ஓரம் கணினியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேள்வி வரும். கை அசைவதற்குள் நேரம் முடிந்துவிடும். லினக்ஸ் திறந்து கடவுச்சொல் கேட்கும். அது அவளுக்கு மறந்துபோயிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி தொடங்குவாள். பூனாவில் இருக்கும் மகன் செந்தில் புதிய கணினி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். வேண்டாம் என்றுவிட்டாள். கொஞ்ச நாள் கணினியே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாகவும் அவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

"நேரத்தைக் கூட்டி வச்சுக்கலாம்டி. இல்லேன்னா விண்டோஸை முதல்ல வரும்படி மாத்திடலாம்" என்றேன்.

கோமதி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். "கேக்கவே... கூடாது. எந்திரிச்ச ஒடனே... ஒருத்தன் வந்து... நீ யாருன்னு கேக்க மாதிரி இருக்கு. எடுத்துருவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். என் கைப்பேசியில் லினக்ஸை நீக்கும் செய்முறையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். நான் படிக்கவேண்டும், விசைகளை அவள்தான் அழுத்துவாள் என்று ஒப்பந்தம். வெளியே ஒரே மூட்டம். கழிமுகப் பக்கமிருந்து எழுந்த வெண்மை எதிர்க் கட்டடங்களையெல்லாம் மறைத்திருந்தது. ரயில் போகும் சத்தம் எங்கிருந்தோ வந்தது. ரயிலைக் காணவில்லை. வழிகாட்டி முழுவதையும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு ஒரு கலக்கம் இருந்தது. "அதுக்குள்ள என்னெல்லாம் இருக்குன்னு பார்க்காம அழிச்சுடலாமா?" என்று கேட்டேன்.

"நெனவு இல்லையே" என்றாள். அதைச் சொல்லும்போது முதன்முறையாக அவள் முகம் வாடியது. பேச்சை மாற்றுவதற்காக, "நேத்து என்ன கனவுடி?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "ஒரு... பஸ்ஸு. கூரை இல்ல. மழ பெய்யுது. ஆனா யாரும் நனையல." பேசிக்கொண்டே கணினியை இயக்கினாள். கேள்வி வந்தது, போனது, லினக்ஸ் திறந்தது. "இவரு ஓட்டுதாரு. காக்கிச் சட்ட..." அவள் பார்வை மூட்டத்தில் இருந்தது. விரல்கள் மட்டும், வலது கைச் சுட்டுவிரல்கூட, விசைகளில் மெதுவாக நகர்ந்தன. கடைசியில் ஒரு தட்டு. திரை திறந்துகொண்டது. மறந்துபோன கடவுச்சொல்லை விரல்கள் போட்டுவிட்டிருந்தன. நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். "என்ன அடிச்சேன்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்! அவளுக்கும் தெரியவில்லை. இன்றுவரை அது என்ன சொல் என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்த் தட்டச்சுப் பயிற்சிக்காக அடித்த வரிகள், வழிகாட்டியின் முதல் பக்கங்கள், கழிமுகத்துச் சேற்றில் நிற்கும் பூநாரைகளின் படங்கள். படங்களை மட்டும் பிரதி எடுக்கச் சொன்னாள். ஒரு கோப்பில் "இது என் பெயர் கோமதி இது என் பெயர் கோமதி" என்று பக்கம் நிறைய அடித்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும், மூடு" என்றாள்.

அணைத்து இயக்கி, சில முயற்சிகளில் அவள் விரல் அம்புக்குறியை எட்டியதும் விண்டோஸுக்குள் போனோம். வட்டின் பகுதிகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து, லினக்ஸ் இருந்த பகுதி எது என்று அளவை வைத்துக் கண்டுபிடித்தோம். நான் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். "நீ வாசிச்சது போதும்" என்று சொல்லிவிட்டு, அழிக்கச் சொல்லும் கட்டளையை அவளே தேர்ந்தாள். உறுதிதானா என்று கணினி கேட்டது. "பாரு, திரும்பவும் கேக்கான்" என்றாள். அழுத்தினாள். அந்த இடம் வெறும் கறுப்புப் பட்டையாக மாறியது.

அணைத்து மறுபடி இயக்கினோம். விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, பக்கத்தில் இமைக்கும் கோடு. நாங்கள் அழித்தது லினக்ஸை. ஆனால் தொடக்கத்தில் நின்று கேள்வி கேட்கும் சிறு நிரல் வேறொரு மூலையில் உயிரோடு இருந்தது. தான் திறக்கவேண்டிய இடத்தைக் காணாமல் அது அப்படியே நின்றுவிட்டது. இதெல்லாம் பிறகு புரிந்துகொண்டது. அந்த நிமிடம் கத்திவிட்டேன்.

"ஐயோ கோமதி, எல்லாம் போயிடுத்து போலிருக்கே."

சமையலறையிலிருந்து ஆறுமுகம் அண்ணன் ஈரக் கையோடு வந்து நின்றார். "செந்திலுக்குப் போன் போடட்டா?"

"வேண்டாம்" என்றாள் கோமதி. என் கைப்பேசியைக் காட்டினாள். "படி. இதையும்... எவனாவது எழுதியிருப்பான்."

எழுதித்தான் இருந்தார்கள். இயக்கியவுடன் ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் கணினியின் அடிப்படைப் பட்டியல் வரும், அதில் விண்டோஸை முதலிடத்துக்கு ஏற்றவேண்டும் என்று இருந்தது. அந்த விசையை அவளால் தொடர்ந்து அழுத்த முடியவில்லை. ஆறுமுகம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். இம்முறை அவள் தடுக்கவில்லை. பட்டியல் வந்தது. ஒரு வரி மேலேறியது. கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. கேள்வி எதுவும் கேட்காமல், நீலமாக, நேராக விண்டோஸ் வந்தது. மூட்டம் கலைந்து எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு ஜன்னலாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

மீதி இருந்த அந்தச் சிறு நிரலையும் மதியத்துக்குள் அழித்துவிட்டு, காலியான இடத்தை விண்டோஸோடு சேர்த்தோம். அதன் பிறகு கோமதி வேண்டுமென்றே கணினியை அணைத்து அணைத்து இயக்கிப் பார்த்தாள். "இனி அவன் பாட்டுக்கு வாரான்" என்று சிரித்தாள்.

கிடைத்த இடத்தை அவள் சும்மா வைக்கவில்லை. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து ஓடாது, பேசினால் புரியும். அதனால் வழிகாட்டி முழுவதையும் தன் குரலில் பதிவு செய்யத் தொடங்கினாள். எனக்கு இது சரிவருமா என்று சந்தேகம். பதிவின் நடுவே வார்த்தை வராமல் அவள் நிற்பாள். நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "நீ சொல்லாத, வந்துக்கிட்டு இருக்கு" என்று அதட்டினாள். செந்தில் கேட்டுவிட்டு, இடையில் வரும் மௌனங்களை வெட்டித் தருவதாகச் சொன்னான். அதற்கும் சம்மதிக்கவில்லை. "ஆஸ்பத்திரில நிக்கவன்... பதறிக்கிட்டு நிப்பான்லா. அவனுக்கும் நேரம் வேணும்." பதிவுகள் தாராவிக்கும் ஆண்டாப் ஹில்லுக்கும் நெருளுக்கும் கைப்பேசி வழியாகப் போய்ச் சேர்ந்தன. கடைசிப் பகுதியையும் முடித்த பிறகுதான் போனாள்.

அவள் காரியம் முடிந்து சில வாரங்கள் இருக்கும். பக்கத்து வீட்டு மாமாவைக் கண் காட்ட அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கூடத்தில் ஒரே கூட்டம். என் பின்னாலிருந்து கோமதி பேசினாள்.

"பயப்படாதீங்க. மொதல்ல கையில இருக்க சீட்டை..."

திரும்பினேன். முன்பின் தெரியாத ஓர் இளம்பெண். இடுப்பில் குழந்தை, தோளுக்கும் காதுக்கும் நடுவே ஸ்பீக்கரில் வைத்த கைப்பேசி. கோமதியின் குரல் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அந்தப் பெண் அவசரப்படவில்லை. அந்த மௌனத்துக்குள் தன் பையைத் துழாவி, சீட்டைக் கண்டெடுத்து, நீவிப் பிடித்துக்கொண்டாள்.

"...எடுத்து வச்சுக்கிடுங்க" என்றாள் கோமதி.

கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இடைவெளி. யாராவது என் எதிரில் வார்த்தை தேடி நின்றால், இப்போதெல்லாம் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. வந்துகொண்டிருக்கிறது என்று காத்திருக்கிறேன்.