படுக்க வைத்த கொடி

நாற்றுப்பண்ணைக்காரிக்கு வாய்த்த கணவன் புல்டோசர் ஓட்டுகிறவன். அவள் பகலெல்லாம் செடி நடுவாள், அவன் பகலெல்லாம் மரம் சாய்ப்பான். "நீ நடு, அவரு பிடுங்கட்டும். உங்க வீட்டுல வேலைக்குப் பஞ்சமே வராது" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். பல வருடமாக அவளும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பு ஒரு கொடியால் நின்றது. மரத்தைச் சுற்றி ஏறி உச்சியில் போய்ப் பூக்கும் காட்டுக்கொடி அது. காடு குறையக் குறைய அதுவும் குறைந்துபோனது. பண்ணையில் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த ஒன்று போன மழையில் வேர் அழுகிச் செத்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இனி மிச்சம் என்று தெரிந்தது காட்டோரத்து மரமொன்றில் ஏறிக் கிடந்த ஒரே கொடிதான். அந்த வழியாகத்தான் புதுச் சாலை போகிறது. அதிலிருந்து தண்டு வெட்டி எடுக்கப் பண்ணை மேலாளர் வனத்துறையிடம் அனுமதி கேட்டிருந்தார். அது இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். புல்டோசர் மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. ஓட்டப்போகிறவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"அந்த மரத்தை மட்டும் விட்டுடுங்களேன்."

"நான் விட்டா இன்னொருத்தன் தள்ளுவான். மரமும் போகும், என் வேலையும் போகும்."

அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்காமல் வாசலில் வைத்தாள்.

மாலையில் அவன் ஈரச் சாக்கோடு வந்தான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. ஏறிக் கொடியை அறுத்து இறக்கிவிட்டுத்தான் மரத்தைத் தள்ளியிருக்கிறான். அதற்காகக் காண்ட்ராக்டரிடம் திட்டும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

சாக்கை அவிழ்த்தவள் தண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். இலையை உருவி, இரண்டு முனையும் நேராக வெட்டி, எல்லாத் தண்டையும் ஒரே அளவில் கட்டியிருந்தான். பண்ணையில் கீழ்முனையை மட்டும் சரிவாக வெட்டுவார்கள். இல்லாவிட்டால் இந்த முற்றிய தண்டில் தலை எது, கால் எது என்று தெரியாது. தலைகீழாக நட்டால் பிழைக்காது.

"எது மேல் பக்கம்?"

"எல்லாம் ஒண்ணுதானே? பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு வெட்டினேன்."

திட்ட வாயெடுத்தவள் அந்த முழங்கையைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மறுநாள் மணல் தொட்டியில் எல்லாவற்றையும் படுக்க வைத்துப் பாதி மூடினாள். துளிர் தானே வழி கண்டுபிடித்து மேலே வரட்டும் என்று விட்டாள்.

ஒவ்வொன்றாக அழுகியது. வேலை முடிந்ததும் அவன் பண்ணை வாசலில் வந்து நிற்பான். கேட்கப் பயந்து அவள் முகத்தையே பார்ப்பான். கடைசித் தண்டும் இரண்டு முனையிலும் கறுத்தது. எடுத்தெறியப் போன கை அப்படியே நின்றது. நடுவில் நகக்கண் அளவுக்குப் பச்சை.

அன்று அவளே வாசலுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். மறுநாள் தோளில் பட்டை உரிக்காத மரக்கட்டை ஒன்றோடு வந்து நின்றான்.

"இது எதுக்கு? கொடி ஏறப் பண்ணையில கம்பு இல்லையா?"

"நான் தள்ளின மரம். ஓரமா வெட்டிப் போட்டிருந்தாங்க." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதுக்குப் பழகின மரமாச்சே."

அவள் மண்வெட்டியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.