தனம் அக்காவின் பழைய நம்பர்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை என் போனில் தனம் அக்கா ஒரு மோட்டார் சைக்கிளாக மாறிவிட்டார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர்மலை முருகன்தான் இருப்பார். அன்று பார்த்தால் பளபளவென்று ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். 'என்ன அக்கா, இந்த வயசுல மோட்டாரா?' என்று கிண்டலாக அனுப்பினேன். உடனே பதில் வந்தது... 'சியாப்பா நி?' யார் நீ என்று மலாயில் என்னையே கேட்கிறது மோட்டார் சைக்கிள்!

தனம் அக்கா என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி, அதே மாடியில் இருக்கிறார். தனியாகத்தான் இருக்கிறார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை. போய்க் கதவைத் தட்டினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து என்னமோ எழுதிக் காட்டுது தம்பி. ஓகே அமுக்கினா மறுபடியும் அதேதான் வருது. கெட்டுப்போச்சா?"

வாங்கிப் பார்த்தேன். உங்கள் எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று எழுதியிருந்தது. கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அக்காவின் சிக்கனம் எங்கள் மாடியில் பிரசித்தம். கொம்தார் கடைத்தொகுதியில் யாரோ பயன்படுத்திய போனைப் பேரம் பேசி வாங்கி வந்தார். கடைக்காரப் பையன் டேட்டா பிளான் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினானாம். இவர் அசையவில்லை. "போன் ஒரு தடவை செலவுலா தம்பி. பிளான் மாசாமாசம் வந்து கதவைத் தட்டும்" என்றார் என்னிடம். நியாயம்தானே?

டேட்டாவே வாங்காமல் ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்வது எப்படி? அக்காவைக் கேட்டால் போதும். பகலில் கேன்டீன் வைஃபை. சாயங்காலம் கீழே நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் பால் விடாத ஒரு தே-ஓ, கூடவே வைஃபை. அதற்கப்புறம் எங்கள் மாடிப்படி — என் வீட்டு வைஃபை அதுவரைக்கும் எட்டும். பாஸ்வேர்டுக்குக் கூலியாக வெள்ளிக்கிழமை தவறாமல் வடை வரும். மாதாமாதம் அன்லிமிடெட் பிளானுக்குப் பணம் கட்டி, அதில் குட்மார்னிங் பூக்களை மட்டுமே அனுப்பிக்கொண்டிருக்கும் எனக்கு அவர் வைத்த பெயர், 'டேட்டா பணக்காரர்'.

பேச்செல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடிந்துவிட்டது. டாப்-அப் எதற்கு? "போட்ட பத்து வெள்ளி அப்படியே இருக்கு தம்பி, ஒரு காசு குறையல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்தப் பத்து வெள்ளிக்கு ஒரு கெடு இருந்தது. பட்டன் போன் காலத்தில் பேசப் பேசக் காசு தீரும், டாப்-அப் செய்வார், கெடுவும் தன்னால் தள்ளிப்போகும். இப்போது காசு தீரவே இல்லை. கம்பெனி மெசேஜ் அனுப்பியிருக்கிறது. லாட்டரி, கடன், தள்ளுபடி என்று வருகிற நூறு குப்பையோடு அதையும் சேர்த்து அழித்திருக்கிறார். சிம் செத்தே போய்விட்டது. வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கம்பெனி அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அவர் அதில் வாட்ஸ்அப் போட்டதும் அக்கா வெளியே வந்து விழுந்தார்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... சுமதி?"

சுமதி அவருடைய ஒரே மகள். ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். வாய்ச்சண்டை முற்றி, 'இனி என் மூஞ்சில முழிக்காதே' என்று சொன்னது அக்காதான். அவள் போய்விட்டாள். எங்கே என்று சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவும் மகளும் வாடகைக்கு இருந்த ஜார்ஜ்டவுன் வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். இன்றைக்கு அது வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல். அம்மாவைத் தேடி வந்தால் அங்கே ரிசப்ஷன்தான் இருக்கும். சுமதிக்கும் அம்மாவுக்கும் நடுவே மிச்சமிருந்தது அந்த நம்பர் ஒன்றுதான்.

அதில் வருஷத்துக்கு ஒரு முறை, தைப்பூசத்தன்று மத்தியானம், நம்பரை மறைத்த ஓர் அழைப்பு வரும்; திருப்பி அழைக்க முடியாது. எதிர்ப்பக்கம் பேச்சே இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும். அக்கா தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருப்பார். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். பதில் வராது. அப்புறம் போனைத் தெருப்பக்கம் நீட்டிப் பிடிப்பார், உறுமி மேளம் அவளுக்கும் கேட்கட்டும் என்று. சின்ன வயதில் சுமதிக்கு உறுமி என்றால் உயிராம். மேளம் தாண்டிப் போனதும் அழைப்பு துண்டிக்கப்படும். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு அழைப்பு வரவில்லை. சாயங்காலம் வரை போனைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். "மறந்துட்டா தம்பி" என்றார். நெட்வொர்க் சரியில்லையோ என்னவோ என்று ஏதோ உளறினேன். அது எவ்வளவு உண்மை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தப் புதன்கிழமையே அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு கம்பெனி கடைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். கணினியைத் தட்டினாள். அந்த நம்பர் இன்னொருவர் பெயரில் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்றாள். "மாதாந்திர பிளான் எடுத்திருந்தால் நம்பர் போயிருக்காது ஆன்ட்டி" என்று சொல்லி, பளபளப்பான ஒரு தாளை நகர்த்தி வைத்தாள். அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன பயன்? இல்லாதவன் கொஞ்சம் மிச்சம் பிடித்தால், அவனிடமிருந்து எதைப் பிடுங்கலாம் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார்கள்.

கார் பார்க்கிலிருந்து அந்த நம்பரை அழைத்தேன். எடுத்தவர் ஹஃபீஸ். செபராங் ஜெயாவில் ஏர்கான் ரிப்பேர் செய்கிறவர், தன்மையான மனிதர். வேலைக்கென்று வாங்கிய நம்பராம், கொஞ்ச நாள் பேச மட்டும் வைத்திருந்து இப்போதுதான் வாட்ஸ்அப் போட்டாராம். வாடிக்கையாளர்கள், பேங்க் எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. திருப்பித் தர வழியில்லை என்று வருத்தப்பட்டார். நான் சுமதி விஷயத்தை மலாயில் சொன்னேன்.

அவரும் மலாயிலேயே சொன்னார். "ஒரு கால் வந்தது அண்ணே. தைப்பூச லீவு அன்னைக்கு. நான் மோட்டார்ல, ட்ராஃபிக் லைட்ல நின்னுக்கிட்டிருந்தேன். எடுத்ததும் ஒரு பொண்ணு பேச ஆரம்பிச்சிருச்சு. தமிழ். நிறுத்தாம பேசிச்சு. எனக்கு 'அம்மா' மட்டும்தான் புரிஞ்சது. பச்சை லைட் விழுந்துச்சு. 'சாலா நொம்போர், காக்' — ராங் நம்பர் அக்கான்னு சொன்னேன். வச்சிருச்சு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்காவுக்கு மலாய் நன்றாகவே தெரியும்.

இத்தனை வருஷம் வாயே திறக்காத பெண் இந்த வருஷம் பேசியிருக்கிறாள். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறாள்... தமிழ் தெரியாத ஒருவர் காதில். தெருச் சத்தத்தைத்தான் தைப்பூசம் என்று நினைத்திருப்பாளோ? அம்மா வழக்கம்போல் போனை நீட்டிப் பிடித்திருக்கிறாள் என்று?

அக்கா மலாயில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அழுதாளாப்பா?" ஹஃபீஸ் பாவம், யோசித்தார். ஹெல்மெட் போட்டிருந்தேன் காக், சரியாகக் கேட்கவில்லை என்றார்.

இப்போது தனம் அக்காவிடம் புது நம்பர் இருக்கிறது. மாதாந்திர பிளான். அன்லிமிடெட். மாடிப்படியில் உட்காருவதில்லை, எனக்கு வடையும் வருவதில்லை. அந்த நம்பர் தெரிய வேண்டிய ஒரே ஆளுக்கு அது தெரியாது. ராங் நம்பர் என்று கேட்ட பிறகு யார் திரும்ப அழைப்பார்கள்? அழைப்பாள் என்று உங்களைப் போலவே நானும் நம்பத்தான் பார்க்கிறேன். முடியவில்லை.

ஹஃபீஸ் மட்டும் நம்புகிறார். மறுபடி அழைப்பு வந்தால் சொல்ல ஒரு தமிழ் வாக்கியம் வேண்டுமென்று கேட்டார். 'உன் அம்மா நம்பர் மாறிப்போச்சு' என்று சொல்லிக் கொடுத்தேன். நேற்று மனப்பாடம் செய்து, வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். அக்காவிடம் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார்.

"இது அப்புறம் தம்பி. எடுத்ததும் மொதல்ல 'வச்சிடாதே'ன்னு சொல்லச் சொல்லு."