பொடி கலந்தது நான்தான்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரு விஷயத்தைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், ஒரே மகளான நான் அதை எழுதாவிட்டால் மீதி எல்லாம் வெறும் அலங்காரம்.

அப்பா எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தார். ஐந்தாம் வகுப்பில் தகப்பனாரை இழந்தார். படிப்பைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து வேலைக்குப் போனார். அந்தத் தம்பி, நாலந்தாவில் இருக்கும் என் சித்தப்பா, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றது அப்பாவின் உழைப்பால்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் தூள் காயவைக்கும் டிரையர் மெஷின்தான் அப்பாவின் காலம் முழுவதும். வாசனையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். ஒருமுறை கவனம் பிசகித் தூள் கருகிவிட்டது. கூட இருந்தவர்கள் நல்ல தூளோடு கலந்துவிடச் சொன்னார்கள். அப்பா நேரே தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் போய் ஒப்புக்கொண்டு, தண்டனையாக ஒரு வாரம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அன்றைக்கு அம்மா திட்டிய திட்டு லயம் முழுக்கக் கேட்டது. "கருகினத நல்லதுல கலந்தா, நல்லதும் கருகினதுதான் புள்ள" என்று அப்பா என்னிடம் மட்டும் சொன்னார்.

அம்மா காலமானபின் மாத்தளையில் என்னோடு இருந்தார். முதலில் வாசனை தெரியாமல் போனது. பிறகு வலது கை நடுங்கியது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பார்க்கின்சன் நோய் என்றார்கள். கண்டி கிளினிக்கில் ஒரு புது மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான மாத்திரையோடு இன்னொன்றும் தருவார்கள். அது சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டொக்டருக்கும் தெரியாது. சம்மதப் படிவத்தை அப்பா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "வெறும் மாத்திரையும் இருக்குனு மொதல்லயே சொல்லிட்டாங்க பாரு, நேர்மையான ஆளுங்க" என்று கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது.

இரண்டு மாதமாக ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வேலை செய்யும் மூலிகை, வாசனைத் திரவியத் தோட்டத்தில், நடுக்கத்துக்கு நல்லதென்று பூனைக்காலி விதைப்பொடி விற்போம். வேறு மருந்து சாப்பிடக்கூடாது என்று படிவத்தில் இருந்தது, வாசித்தவளே நான்தான். இருந்தும் தினமும் அவருடைய தேநீரில் கலந்தேன். அந்த மூக்கை ஏமாற்ற முடிந்ததே நோய் அதைக் கொண்டுபோனதால்தான். எவ்வளவு கேவலம்!

மூன்றே வாரத்தில் அப்பா தானே பொத்தான் போட்டார். அம்மன் கோவில் திருவிழாவில் பார்த்த நீங்கள் எல்லாரும் "புது மருந்து" என்று வாய் பிளந்தீர்கள். சித்தப்பாவுக்கும் அதே நோயில் கை நடுக்கம் தொடங்கியிருந்தது. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அண்ணன் முழுங்குற அந்தப் புது மருந்து கடைக்கு வரட்டும்" என்று தன் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சீனி தேடிய ஒரு நாள் அப்பாவின் கையில் அந்தப் பொடிப் பொட்டலம் கிடைத்தது. எனக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் வேறு மருந்து உண்டா என்று டொக்டர் கேட்க, நான் வழக்கம்போல இல்லை என்றேன். அப்பா பொட்டலத்தை மேசையில் வைத்து, "இருக்கு மஹத்தயா. நான் நல்லா இருக்கேன்னு எழுதினத மாத்துங்க. அத நம்பி நாளைக்கு எத்தன பேர் முழுங்குவாங்க?" என்று தொழிற்சாலையில் பழகிய சிங்களத்தில் சொன்னார். டொக்டர் கோபப்படவில்லை. நோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சத்து அந்த விதையிலேயே இருக்கிறதாம். ஆனால் பொடியில் எவ்வளவு என்று அளவு தெரியாது, மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து என்று விளக்கினார். பரிசோதனை மாத்திரையோடு பொடியையும் நிறுத்தினார்கள். நடுக்கத்தை அளவெடுக்க மட்டும் வரச் சொன்னார்கள். நடுக்கம் திரும்பி வந்தும், அப்பா ஒரு தவணையும் தவறவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது, "தம்பிகிட்ட நீயே சொல்லணும். கலந்தவ நீதானே" என்றார். சரி என்றேன். வெட்கத்தால் தள்ளிப்போட்டேன். கடைசியில் சளிக்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

நிம்மதியாகக் கண்ணை மூடினார். அதற்குப்பின் பேசவில்லை. என் அப்பாவிடம் நான் கடைசியாகச் சொன்னது பொய்.

கடைசி நாட்களில் உதவிய லயத்து உறவுகளுக்கும், கண்டிக்குப் போகும் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், நர்ஸ் அம்மாமாருக்கும், அப்பாவை ஒருநாளும் அவசரப்படுத்தாத டொக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பா, போன வாரம் நீங்கள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்தேன். அந்தப் புது மருந்து வேலை செய்ததா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இப்போது உதவக்கூடியது நீங்கள் நிறுத்திவிட்ட பழைய மாத்திரைதான். திங்கட்கிழமை கண்டியில் கிளினிக். காலை பஸ்ஸுக்கு முன்பே நாலந்தாவுக்கு வந்து உங்கள் வாசலில் நிற்பேன். திட்டுவதானால் போகும் வழியில் திட்டுங்கள்.